கியர் பாக்ஸை மூன்றாவது முறை இறக்கும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 18 வருடப் பழைய டீசல் பிக்கப், 5 கியர் மேனுவல். இரண்டாவது கியர் போடும்போது நறநறவென்று கடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நான்காவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு நழுவிவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை பாக்ஸைப் பிரித்து பேரிங், சிங்க்ரோ ரிங் எல்லாம் மாற்றியாயிற்று. ஐந்தாறு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இப்போது என் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, ரீகண்டிஷன் செய்த வேறு பாக்ஸை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோளாறு பாக்ஸுக்குள் தெரிகிறது. ஆனால் அதை உண்டாக்குவது பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டதால்தான் புது ரிங்கும் புது பேரிங்கும் இரண்டு முறையும் தேய்ந்து போயின. இன்னொரு பாக்ஸை ஏற்றினாலும் அதற்கும் அதே கதிதான் நேரும்.

கியர் பாக்ஸிலிருந்து எஞ்சின் பக்கம் நீளும் கிளட்ச் ஷாஃப்ட்டின் நுனி, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள சிறிய பைலட் பேரிங்குக்குள் உட்காரும். கிளட்ச்சை மிதித்தால் கிராங்க் சுற்றிக்கொண்டிருக்கும், ஷாஃப்ட் மட்டும் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். பைலட் பேரிங் கிரீஸ் வற்றி இறுகினால், கிராங்க் அந்த ஷாஃப்ட்டையும் இழுத்துக்கொண்டே சுற்றும். கியர் விழுவதற்கு முன், கியரின் வேகத்தையும் அது பூட்ட வேண்டிய ஷாஃப்ட்டின் வேகத்தையும் சமமாக்குவது சிங்க்ரோ ரிங்கின் வேலை. இப்போது அது ஓடும் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வேக வித்தியாசம் அதிகம் என்பதால் இரண்டாவது ரிங் முதலில் சாகும்.

அதே பேரிங் தேய்ந்து ஆடினால் ஷாஃப்ட்டின் நுனி நடுக்கோட்டை விட்டு விலகும். பின்சக்கர இயக்கமுள்ள 5 கியர் பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் நான்காவதுதான் நேர் கியர். கிளட்ச் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் ஒரு ஸ்லீவ் (நகர்ந்து பூட்டும் வளையம்) வழியாக நேருக்கு நேர் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஸ்லீவ் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். காலை எடுத்ததும் விசை திரும்புகிறதே, அந்த நொடியில் கழன்றுவிடும். நான்காவது மட்டும் நழுவுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸின் முன்பக்கம்.

பாக்ஸை இறக்காமலே பார்க்கக்கூடியவை உண்டு. முன்னும் பின்னும் ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பத்து வரை எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பழைய பிக்கப்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. இவ்வளவு காத்திருந்தும் கடித்தால் கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று அர்த்தம். பெடலை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறதா? ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது. அடித்தும் மாற்றமில்லை என்றால் பைலட் பேரிங், வளைந்த கிளட்ச் ஃபோர்க், நெளிந்த கிளட்ச் பிளேட் ஆகியவற்றின் மேல் சந்தேகப்படுங்கள். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, இரண்டாவது மட்டும் கடித்தால்தான் பாக்ஸின் உள்ளே தேட வேண்டும்.

சத்தமும் துப்பு கொடுக்கும். பெடலில் கால் லேசாகப் பட்டதும் வரும் சத்தம், கிளட்ச்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கினுடையது. பெடலை முழுதாக மிதித்து, முதல் கியரில் வண்டி நிற்கும்போது மட்டும் வரும் உறுமலோ கீச்சொலியோ பைலட் பேரிங்கினுடையது. கூடவே எஞ்சின் மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களையும், கிளட்ச்சை மூடி பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளையும் பாருங்கள். கிழிந்த மவுண்டிங்கே கியரை இழுத்துக் கழற்றிவிடும்.

இனி பாக்ஸை இறக்குவதாக இருந்தால், நீங்களே பக்கத்தில் நின்று மூன்றைக் கேளுங்கள். பைலட் பேரிங் மாற்றப்படுகிறதா? மிக மலிவான உதிரி பாகம் இது. இரண்டு முறை இறக்கியும் இதைத் தொடாமல் விட்டிருந்தால் மன்னிக்க முடியாத அலட்சியம். அடுத்து, பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு நேர்ப்படுத்தும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா? பல முறை இறக்கி ஏற்றிய வண்டிகளில் ஒன்று காணாமல் போயிருக்கும், அல்லது துளை அகன்றிருக்கும். போல்ட் பாக்ஸை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும். மையத்தில் நிறுத்துவது டவல் பின்தான். அது இல்லாவிட்டால் எந்தப் பாக்ஸை ஏற்றினாலும் கோணலாகவே உட்காரும். கிராங்க்கோடு சுற்றும் ஃப்ளைவீலில் டயல் கேஜ் (ஊசி காட்டும் அளவுமானி) பொருத்தி பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிப் பார்த்தால், ஊசி மொத்தமாக 0.25 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. மூன்றாவது, ஏற்றுகிற விதம். கியர் பாக்ஸ் ஜாக் இல்லாமல், நெஞ்சிலும் கையிலும் தாங்கி, நுனியை கிளட்ச் பிளேட்டுக்குள் சொருகிவிட்டு முழு எடையையும் அதன்மேல் தொங்கவிடுகிறார்கள். பிறகு போல்ட்டைப் போட்டு இறுக்கியே பாக்ஸை உள்ளே இழுக்கிறார்கள். அப்போதே பிளேட் நெளியும், புது பைலட் பேரிங்கும் அன்றைக்கே கெடும். அலைன்மென்ட் கருவியால் பிளேட்டை மையப்படுத்தியிருந்தால், பாக்ஸ் கையால் தள்ளியே முழுதாக உட்கார வேண்டும்.

பாக்ஸைப் பிரிக்கிறார்கள் என்றால் "கிட் மாற்றிவிட்டோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கிட்டில் பொதுவாக பேரிங், சீல், ரிங் மட்டுமே இருக்கும். ஸ்லீவ், அது ஏறி நகரும் ஹப், கியரின் பூட்டுப் பற்கள் அதில் வராது. நழுவும் கியரைக் கெடுப்பதோ இவைதான்: பற்களின் விளிம்பு உருண்டுவிட்டால் புது ரிங் எதையும் காப்பாற்றாது. ரிங்கைக் கியரின் கூம்பு வடிவப் பகுதியான கோனின் மேல் அழுத்தி, அதற்கும் பூட்டுப் பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். பல பாக்ஸ்களில் அது சுமார் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் ரிங் தீர்ந்தது. ஸ்லீவை நகர்த்தும் கியர் ஃபோர்க்குக்கும் ஸ்லீவ் பள்ளத்துக்கும் நடுவில் இடைவெளி 1 மி.மீ. தாண்டினால் அந்த ஃபோர்க்கை மாற்ற வேண்டும். சரியான எல்லை உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். அந்த மேனுவலை வண்டிச் சொந்தக்காரரின் கையில் கொடுக்கத் தயாரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? ஹப்பையும் ஸ்லீவையும் தனியாகத் தராமல் முழு செட்டாகத்தான் விற்பேன் என்பார்கள். மெக்கானிக்குக்கோ இறக்கி ஏற்றத்தான் கூலி, அளப்பதற்கு யாரும் கொடுப்பதில்லை. பிறகு அவர் ஏன் அளக்கப் போகிறார்? அளப்பதற்கென்று தனியாகப் பணம் கொடுத்து, அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஆயிலிலும் பெரிய தவறு நடக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 தர ஆயிலையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடுகிறார்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் அதிகம். பித்தளை ரிங்கை அவை அரிக்கக்கூடும். மேலும் ரிங் பிடிக்கத் தேவையான உராய்வைக் குறைத்து வழுக்க வைக்கும். பித்தளை ரிங் உள்ள பாக்ஸுக்குக் கெட்டித்தன்மை 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4 உள்ள ஆயில் போடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். சில பழைய டீசல் பிக்கப் பாக்ஸ்கள் கியர் ஆயிலுக்காகவே வடிவமைக்கப்படவில்லை. ஃபோர்டு டீசல் பிக்கப்களில் வந்த இசட்எஃப் எஸ்5-42 பாக்ஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்); டாட்ஜ் கம்மின்ஸ் பிக்கப்களில் வந்த கெட்ராக் 360 பாக்ஸுக்கு 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயில். இப்படிப்பட்ட பாக்ஸில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால், குளிரில் வேகம் சமமாகாமல் ரிங் திணறும், கியர் விழாது. "கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்" என்று சொல்பவர் சத்தத்தை மறைக்கிறார், தேய்மானத்தை நிறுத்தவில்லை. உங்கள் பாக்ஸ் எந்த வகை என்று மேனுவலிலோ பாக்ஸின் தகட்டு எண்ணை வைத்தோ உறுதி செய்துகொண்டு, அதில் சொன்னதை மட்டுமே ஊற்றுங்கள். கடைக்காரர் சொன்னார், பக்கத்து வண்டிக்காரர் ஊற்றினார் என்பதெல்லாம் இதில் செல்லாது.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கழலாமல் போனால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. பாக்ஸின் காற்று வெளியேறும் பிரீதர் துளை சேற்றில் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசிந்து மட்டம் குறையும். வடித்த ஆயிலில் மெல்லிய பித்தளை மினுக்கம் இருந்தால் கவலையில்லை. விரலில் தட்டுப்படும் எஃகுச் சில்லு வந்தால் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

இனி அந்த மாற்றுப் பாக்ஸ். இடைத்தரகர்கள் "ரீகண்டிஷன்" என்று தருவதில் நிறைய, வெளியே கழுவிப் பெயின்ட் அடித்து, கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கியவைதான். கையால் கியர் போட்டுக் காட்டுவார்கள். எஞ்சின் விசை இல்லாமல் எந்த கியரும் நழுவாது, அது சோதனையே அல்ல. கிளட்ச் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கையோ கியர் விகிதமோ உங்கள் வண்டிக்குப் பொருந்தாமலும் போகலாம். கொடுத்த பாக்ஸ் திரும்பி வராது என்பதுதான் பெரிய நஷ்டம்: உங்கள் பாக்ஸின் ஹவுசிங்கும் ஷாஃப்ட்டும் ஒருவேளை அவர்கள் தருவதைவிட நல்லவையாக இருக்கும். பழுதுக்கு விடும்போதும் ஹவுசிங் எண்ணைப் படம் எடுத்து, உள்ளே ஒரு பெயின்ட் அடையாளம் வைத்து, கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய ரிங்கையும் ஸ்லீவையும் கையில் வைத்துப் பார்த்தால், உண்மையில் எது தேய்ந்தது என்று தெரிந்துவிடும்.

முதலில் ரிவர்ஸ் சோதனை செய்யுங்கள். கடித்தால் கிளட்ச் ஹைட்ராலிக், பிறகு பைலட் பேரிங், டவல் பின். இவற்றைச் சரிசெய்து ஏற்றிய பிறகும் நான்காவது நழுவினால், மூன்றாவது-நான்காவது ஸ்லீவையும் ஹப்பையும் சேர்த்து மாற்றுங்கள். ஏற்றிய பின் 1,000 கி.மீ. ஓடியதும் ஆயிலை வடித்துக் காந்தப் போல்ட்டைப் பாருங்கள். அதில் சேறு போன்ற நுண்துகள் மட்டும் ஒட்டியிருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.