சிடிஇ நெரிசலில் 104 டிகிரி: எக்சீஜ் தாங்குமா?

சிங்கப்பூரின் சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் உங்கள் லோட்டஸ் எக்சீஜ் ஸ்போர்ட்ஸ் காரின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) 104 டிகிரி தொட்டது, தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். 104 டிகிரிக்கு ஒன்றும் ஆகாது. நெரிசலில் கூலன்ட் 100–105 தொடுவது சகஜம். 110 தாண்டினால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள். ஆனால் வழி கிடைத்து ஐந்து நிமிடம் ஓடியும் 95க்குக் கீழே வரவில்லை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

இந்தக் காரில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவில் நீளக் குழாய். கூலன்ட் மாற்றியிருந்தால், அப்போது குழாயில் காற்று அடைத்திருக்கலாம்.

ஹீட்டருக்கும் இதே கூலன்ட்தான் சூடு தருகிறது. எஞ்சின் சூடானதும், நம் ஊரில் யாருமே தொடாத ஹீட்டர் குமிழை முழுக்கத் திருப்புங்கள். குளிர்ந்த காற்று வந்தால் காற்றடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். சூடாக வந்தால் ரேடியேட்டர் ஃபேன், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பக்கம் பாருங்கள்.

சூட்டில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் பீய்ச்சும். சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் சூடு இந்தக் கூலன்ட் அளவீட்டில் தெரியாது. அது தனிக் கணக்கு.