சட்டை கேட்ட மகளுக்கு என்ன பதில்?

கேள்வி: என் மகன், 31 வயது, ஐந்து மாதத்துக்கு முன் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். கல்யாணம்கூட ஆகவில்லை. கணவர் காலையில் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார், வாயே திறப்பதில்லை. பதினாறாம் நாளோடு சொந்தக்காரர்களும் ஒதுங்கிவிட்டார்கள். அழுதால் ‘இன்னுமா?’ என்கிறார் நாத்தனார். இனி எதற்கு இருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. மகள் மதுரையில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு இரண்டாம் மாதம் என்பதால் துஷ்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போன மாதம் அண்ணன் சட்டை ஒன்று வேண்டும் என்றாள், பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று நான் கொடுக்கவில்லை. மனம்விட்டுப் பேச எனக்கு ஆளே இல்லை. எங்கே போவது?
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: காலம் ஆற்றும் என்று எழுதப்போவதில்லை. அதை உங்களிடம் ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள், அதில் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

முதலில் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில்கூடக் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் அந்தப் பேச்சையே எடுக்கிறார்கள். நீங்கள் ஐந்தாம் மாதத்தில் அழுவது நோயும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆனால் ‘இனி எதற்கு இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது அழுகைக் கணக்கில் வராது. அந்த எண்ணம் வரும்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இந்த ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் மகள்.

இவ்வளவு பெரிய கடிதத்தில் அவளுக்கு நீங்கள் ஒதுக்கியது மூன்று வரி. அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை. எல்லாரும் சேர்ந்து அழுத வீட்டில் அவளுக்கு இடம் இல்லை. மதுரையில் ஒரு அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எடுத்துவிட்டார்களா இல்லையா என்று யாரையாவது கேட்டுக் கேட்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண் நாலு மாதம் கழித்து, சண்டை போடாமல், ஏன் என்னை விடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பழைய சட்டையைக் கேட்டிருக்கிறாள். அதற்கும் ஆகாது என்று சொல்லிவிட்டு, பேச ஆளே இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளைத்தாச்சியைச் சாவு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் அது ஊரார் சாவுக்கு. கூடப் பிறந்தவன் போனதற்கு அதே சட்டத்தைப் போட்டது தப்பு. வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்து செய்தீர்கள் என்பது புரிகிறது, கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. என்றாலும் தப்பு தப்புதான். அவளிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டியது நீங்கள்தான், அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது என்கிறீர்கள். 1968-ல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில், ஒரே மருத்துவமனையில் மகன்களைப் பறிகொடுத்த இரண்டு தம்பதிகளை அங்கிருந்த இளம் பாதிரியார் அறிமுகப்படுத்தி வைத்தார். அவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பாதிரியாருக்கு வராத ஆறுதல் வார்த்தை அவர்களுக்குள் தானாக வந்தது. மறு வருஷமே அது ‘கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ்’ என்ற அமைப்பாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. பிள்ளையின் பெயரைச் சொன்னதும் பேச்சை மாற்றாத ஒரு ஆள், அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர்களாவது முன்பின் தெரியாதவர்களில் அந்த ஆளைத் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதும், உங்களுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போனதும் தெரிந்த ஒருத்தி மதுரையில் இருக்கிறாள். அவளிடம்தான் அவன் பெயரையே எடுப்பதில்லை.

அவள் அழுதுவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். அழட்டும். இப்போது மட்டும் சிரித்துக்கொண்டா இருக்கிறாள்? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லை என்பது உங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் உறைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை உங்கள் கடிதத்தில். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வருவது தாய்வீட்டுக் கடமை, மகன் இறந்ததால் மகளுக்குத் தாய் இல்லாமல் போகக் கூடாது. வருஷம் திரும்பவில்லை, ஊரைக் கூட்ட வேண்டாம். கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி, புளிசாதம், எலுமிச்சை, தேங்காய் என்று கட்டி எடுத்துக்கொண்டு கணவரோடு பஸ் ஏறுங்கள். இரண்டு மணி நேரப் பயணம். பையில் அந்தச் சட்டையும் இருக்கட்டும். பீரோவில் மடித்து வைத்திருக்கும் புதுச் சட்டை வேண்டாம், அவன் வழக்கமாகப் போட்டதை எடுங்கள்.

சம்பந்தி வீட்டில் அனுமதி கேட்காதீர்கள், வருகிறோம் என்று சொல்லுங்கள். துக்க வீட்டுக்காரர்கள் இப்போது வரலாமா என்று யாராவது இழுத்தால் போனைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து மாதமாக வாய் திறக்காத மனிதர், மகளுக்காக அதையாவது பேசட்டும்.