ஜெயிக்காதவனுக்கு ஒரு படம்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஓட்டம் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் மூன்று வருடமாக ஸ்போர்ட்ஸ் டேயில் 100 மீட்டரில் கடைசி இடம்தான். தைரியம் வரட்டும் என்று விளையாட்டுப் படங்களாகப் போட்டுக் காட்டினேன். போன வாரம், “எல்லாப் படத்துலயும் கடைசியில ஜெயிச்சிடுறாங்க. ஜெயிக்காதவனுக்குப் படமே இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டான். அவன் அப்பா, “ஓட்டத்தை விட்டுட்டுப் படிக்கச் சொல்லு” என்கிறார். குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஏதாவது படம் இருக்கிறதா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இருக்கிறது, சகோதரி. 2016-ல் வந்த ‘எட்டி தி ஈகிள்’. உண்மைக் கதை. இதன் நாயகன் கடைசி இடம்தான் பிடிக்கிறார், அதுவும் ஒலிம்பிக்கில்.

எட்டி எட்வர்ட்ஸ் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் ஊர்க்காரர். சுவர்ப் பூச்சு வேலை பார்த்தவர். 1988-ல் கனடாவின் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கி ஜம்ப்பிங்கில் கலந்துகொண்டார். பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டி, உயரமான சரிவிலிருந்து சறுக்கி வந்து, காற்றில் பாய்ந்து இறங்கும் விளையாட்டு அது. எட்டி மற்ற வீரர்களைவிட எடை கூடியவர். தடித்த கண்ணாடி வேறு. அதன் மேல் காகிள்ஸ் மாட்டினால் ஆவி படிந்துவிடும். 70 மீட்டர், 90 மீட்டர் இரண்டு போட்டியிலும் கடைசி. அவருக்கு முந்தைய இடத்தில் வந்தவர் வாங்கிய புள்ளியில் ஏறக்குறைய பாதிதான் அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் கையை உயர்த்தி ஆடிய அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும்.

படத்தில் ஹ்யூ ஜாக்மேன் நடிக்கும் பயிற்சியாளர் கற்பனைப் பாத்திரம். எந்நேரமும் குடித்துக்கொண்டே இருப்பார். பெரியவர்களுக்கான கிண்டல் பேச்சும் ஓரிடத்தில் வரும். பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும், ஏழாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகப் பார்க்கலாம். ஆங்கிலப் படம் என்பதால் முதல் அரை மணி நேரம் கதையைச் சொல்லிக்கொண்டே பாருங்கள்.

படம் முடிந்ததும் “பார்த்தியா, நீயும் இப்படித்தான்” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அவன் மனதில் ஊறட்டும். அவனாகப் பேச்செடுக்கும்போது, படத்தில் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். எட்டி முதலில் ஆசைப்பட்டது ஸ்கி ஜம்ப்பிங்குக்கு இல்லை. மலைச்சரிவில் வேகமாகச் சறுக்கும் போட்டிக்குத்தான் தயாரானார். அந்த அணியில் இடம் கிடைக்கவில்லை, கையில் காசும் இல்லை. ஸ்கி ஜம்ப்பிங்கில் செலவு குறைவு, பிரிட்டனில் அதற்கு வேறு ஆளும் இல்லை என்று பார்த்துத்தான் அந்தப் பக்கம் போனார். விளையாட்டை விடாமல், பிரிவை மட்டும் மாற்றிக்கொண்டார்! உங்கள் மகன் 1500 மீட்டர் ஓடிப் பார்த்திருக்கிறானா? நீளம் தாண்டுதல்? 100 மீட்டரில் பின்தங்கும் பிள்ளைக்கு நீண்ட தூரம் ஒத்துவரலாம். பி.இ.டி. சாரிடம் கேளுங்கள். முடிவை மட்டும் அவனே எடுக்கட்டும். 100 மீட்டர்தான் வேண்டும் என்றால், சரி, அதையே ஓடட்டும்.

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். எட்டிக்குப் பிறகு ஒலிம்பிக் கமிட்டி தகுதி விதியைக் கடுமையாக்கியது. அவருக்கு மறுபடி ஒலிம்பிக் வாய்ப்பு அமையவே இல்லை. ஜெயிக்காதவன் கதையைக் கேட்ட பிள்ளைக்கு முழுக் கதையும் தெரியட்டும்.

அப்புறம், உங்கள் கணவரையும் கூட உட்கார வையுங்கள். படத்தில் எட்டியின் அப்பா, விளையாட்டெல்லாம் வேண்டாம், என்னோடு பூச்சு வேலைக்கு வா என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பவர். மகன் ஊர் திரும்பும்போது விமான நிலையத்துக்கு வருகிறார். கோட்டைத் திறந்தால் உள்ளே ஸ்வெட்டரில் ‘நான் எட்டியின் அப்பா’ என்று எழுதியிருக்கும். அந்தக் காட்சி வரும்போது மட்டும் அவர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.