பிரஷர், சுகருக்குக் குடும்ப டாக்டர் போதுமா, நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்விடுவது நல்லதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே டாக்டராக இருக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். கொஞ்ச காலம் ஒரு பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவ அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓ.பி.க்கு ஓர் அம்மா வந்தார், இரண்டு காலும் வீங்கியிருந்தது. அவருடைய பையை மேசையில் கொட்டினால் எங்களிடம் வாங்கிய பிரஷர் மாத்திரை அம்லோடிபின் ஒரு அட்டை, டவுனில் வாங்கிய வேறு பெயர் போட்ட அட்டை ஒன்று, திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின். அந்த மாத்திரை டோஸ் கூடினால் கணுக்கால் வீங்கும், எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மகன் பயந்துபோய் ஹார்ட் டாக்டரிடம் கூட்டிப்போய், எக்கோ எடுத்து, நார்மல் என்று வந்து, நீர் பிரிய இன்னொரு மாத்திரையும் சேர்ந்திருந்தது. எழுதிய யாரும் தப்பாக எழுதவில்லை, மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒன்றை நிறுத்தச் சொன்னதும், "பெரிய டாக்டர் குடுத்ததாச்சே, நிறுத்தலாமா?" என்றார்.

தமிழ்நாட்டில் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், நல்ல திட்டம். டாக்டர்தான் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு, அதனால்தான் கிராமத்துக்கு டாக்டர் வருகிறார், அதனால்தான் சீட் கிடைத்ததும் கிளம்பியும் விடுகிறார். இதை ரத்து செய் என்று சிலர் கிளம்புவார்கள், செய்தால் வருகிறவரும் வரமாட்டார். என்னைக் கேட்டால் குடும்ப மருத்துவத்தில் எம்.டி. இடங்களைக் கூட்டி, அதை முடித்துவிட்டு பி.எச்.சி.யிலேயே இருப்பவருக்கு ஸ்பெஷலிஸ்ட்டுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். இப்போது அந்தப் படிப்பு இருக்கும் கல்லூரிகளே கொஞ்சம், "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா" என்று கேட்கிற ஊரில் இளம் டாக்டர் ஏன் இருக்கப்போகிறார்?

நார்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் போனவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களைவிட அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் கால்வாசி அளவுக்குக் குறைவு. அங்கே ஒவ்வொருவர் பெயரும் ஒரு டாக்டரிடம் பதிவாகியிருக்கும், நமக்கு அந்த ஏற்பாடே கிடையாது.

அதனால் நீங்களாகத்தான் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில், ஆளை மாற்றாத கிளினிக்காகப் பாருங்கள். வேறு எங்கே காட்டினாலும் அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சுகர் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் விழித்திரையைப் பார்த்துக்கொள்வது மட்டும் குடும்ப டாக்டர் போதும் என்பதில் சேராது, அது கட்டாயம். நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது என்றால் குடும்ப டாக்டருக்குக்கூடக் காத்திருக்காமல் 108ஐ கூப்பிடுங்கள்.