கேளுங்க, சொல்றேன்: 9,000 ரூபாய்க்குச் சென்னை போகலாமா?

அக்கா, இந்த வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். அரியர் இல்லை. கல்லூரியில் நடந்த முகாமில் சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்று ஓராண்டு அப்ரண்டிஸாக, அதாவது வேலை பழகுபவராக, எடுக்கிறேன் என்கிறது. மாதம் 9,000 ரூபாய். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ‘அப்ரண்டிஸ்னா ஸ்பானர் எடுத்துக் கொடுக்குற வேலை, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு’ என்கிறார் மாமா. ‘60,000 கட்டி ஒரு கோர்ஸ் படி, நேரா வேலைக்குப் போ’ என்கிறாள் தோழி. நான் என்ன செய்ய?
– வாசகி, சங்கரன்கோவில்

மாமா சொல்வது பழைய கணக்கு. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தபோது பிட்டர், டர்னர் மாதிரியான வேலைகள்தான் அதில் இருந்தன. பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களையும் உள்ளே சேர்த்தது 2014 திருத்தம். தோழியின் 60,000 வட்டிக்கு வாங்கும் பணமாக இருந்தால் அந்தப் பேச்சையே விடு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 9,000 என்பது உன் நிறுவனம் பார்த்துப் போட்ட தொகை இல்லை. 2019-இல் திருத்திய அப்ரண்டிஸ் விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் அவ்வளவு, டிப்ளமோவுக்கு 8,000. அதை உயர்த்தச் சொல்லி 2025-இல் பரிந்துரையும் போனது. அதனால் கையெழுத்துப் போடும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். குறைந்தபட்சத்துக்கு மேலே தர நிறுவனத்துக்குத் தடை எதுவும் கிடையாது. கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்படாதே. ஆனால் துரைப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ மூன்று பேர் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்குமே அதில் பெரும்பகுதி போய்விடும். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது என்பதை ரயில் ஏறும் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடு. முதல் மாதக் கடைசியில் போனில் அழுதுகொண்டு சொல்வதைவிட அது நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பட்டதாரிகளை அப்ரண்டிஸாகச் சேர்க்கும் ‘நாட்ஸ்’ என்ற அரசுத் திட்டத்தில் ஒரு தடவைதான் சேர முடியும். ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவரையும் ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவரையும் சேர்க்க மாட்டார்கள். ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டு மூலையில் உட்கார வைக்கும் இடத்தில் அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால் போனது போனதுதான்.

நான் அதில் மூன்றில் ஒரு பங்கை அப்படித்தான் செலவழித்தேன். 2001-இல் டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் கற்றுத் தருவார்கள் என்று போனால் முதல் நான்கு மாதம் ஸ்டோர் ரூமில் நாற்காலி எண்ணி ரிஜிஸ்டரில் எழுத வைத்தார்கள். உடைந்தது இத்தனை, உடையாதது இத்தனை. அப்புறம் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், அவருக்கு ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காக என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏணி பிடித்துக்கொண்டே கேபிள் முனையில் கிளிப் மாட்டப் படித்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டுக் கம்பி. வாய்ப்பாடு மாதிரி சொல்லச் சொல்லுவார், ஒன்று தப்பினால் முனையை வெட்டிவிட்டு மறுபடி. பின்னால் இருபது வருஷம் நான் சாப்பிட்ட சோறு அந்த எட்டு மாதத்தில் கற்றதுதான்.

அதனால் நேர்காணலில் நீயும் ஒரு கேள்வி கேள்: ‘நான் யார் பக்கத்தில் உட்காருவேன், அவர் என்ன வேலை செய்கிறார்?’ ஆளையும் வேலையையும் சொன்னால் போகலாம். ‘அதெல்லாம் வந்தபிறகு பார்க்கலாம்’ என்றால் எனக்கு அந்த நாற்காலிகள்தான் ஞாபகம் வரும்.

தாளையும் பார். ‘இன்டர்ன்’, ‘டிரெய்னி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சட்டப்படியான அப்ரண்டிஸ் ஆகாது. அரசின் நாட்ஸ் இணையதளத்தில் உன் பெயரில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. அதனால் உன் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வைத்துக்கொள். அப்பா கணக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் தரமணியில் தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று யாராவது வாய் திறந்தால் எழுந்து வந்துவிடு. அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதே.

முதலில் கிடைப்பது அநேகமாக ஹெல்ப்டெஸ்க்காகவோ, மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங்காகவோ இருக்கும். பாஸ்வேர்டு மறந்தவர், பிரிண்டர் ஓடாதவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். சலித்துக்கொள்ளாமல் என்ன பழுது, எதனால், எப்படிச் சரியானது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வை. அடுத்த நேர்காணலில் ‘என்ன செய்தாய்’ என்று கேட்கும்போது சான்றிதழைவிட அந்த நோட்டில் இருப்பதுதான் பேச வைக்கும். ஆள் சரி, தாள் சரி என்றால் கிளம்பு தங்கச்சி. ஸ்பானரும் எடுத்துக் கொடுக்கத் தெரியும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போ.

மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கல்லூரியில் சேர்க்க வசதியும் குறைவு, அவனுக்கு இஷ்டமும் இல்லை. கம்ப்யூட்டர் என்றால் மட்டும் எழுந்து உட்காருகிறான்.
– வாசகர், கடையநல்லூர்

அண்ணாச்சி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, தென்காசியில், ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பள்ளிப் படிப்பு, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு சொல்லித் தருகிறார்கள். கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகையும் உண்டு. மதிப்பெண் பட்டியலைவிட அவர்கள் வைக்கும் தேர்வும் நேர்காணலும்தான் முக்கியம். போட்டி அதிகம் என்பதால் அதை மட்டும் நம்பி ஒரு வருஷத்தை விடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்று கம்ப்யூட்டர் பிரிவு இருக்கிறது, ஒரே ஆண்டு. அதை முடித்துவிட்டும் அப்ரண்டிஸ் போகலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: அவன் எழுந்து உட்காருவது கம்ப்யூட்டருக்கா, அதில் ஓடும் விளையாட்டுக்கா? ஒரு வாரம் பின்னால் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்து மாதமாக ஐ.டி. அப்ரண்டிஸாக இருக்கிறேன். முடிந்ததும் நிறுவனம் வேலை தந்தாக வேண்டும்தானே?
– வாசகர், ஓசூர்

இல்லை தம்பி. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை என்கிறது சட்டத்தின் 18-ஆவது பிரிவு. 22-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் நிறுவனம் வேலை தந்தாக வேண்டும். ஆனால் பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று அதே பிரிவில் 2014-இல் சேர்த்தார்கள். அது என்ன என்று மனிதவளத் துறையிடம் இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். பன்னிரண்டாம் மாதம்வரை காத்திருக்க வேண்டாம். பதில் வருவதற்குள் வெளியே நான்கு இடத்துக்கு விண்ணப்பமும் போட்டு வையுங்கள்.