ரூ. 10,000-க்குள் வீட்டுக்கு ஒரு சப்ஊஃபர்: வாங்குவதா, நாமே செய்வதா?

ரூ. 10,000-க்குள் சப்ஊஃபர் வாங்குவதா, நாமே செய்வதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொன்ன விவரம் இது: ஹால் 12-க்கு 14 அடி, டி.வி.யோடு இரண்டு சின்ன ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கிறது, பேஸ் (தாழ்ந்த, கனத்த ஓசை) மட்டும் போதவில்லை. அந்த ஓசையை மட்டும் தரும் தனிப் பெட்டிதான் சப்ஊஃபர்.

நான் இரண்டையும் செய்தவன். முதலில் வாங்கினேன், இரண்டு வருடம் கழித்து நானே ஒன்று செய்தேன். இன்று எங்கள் ஹாலில் ஓடுவது நான் செய்தது. ஆனாலும் எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பெட்டிக்கு இடம் இருக்கிறது? இந்தப் பட்ஜெட்டில் முடிவு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், குறைந்த வாட்ஸிலேயே நல்ல சத்தம் வர வேண்டும். இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒன்றாகப் பெற முடியும். ஸ்பீக்கர் வேலை தெரிந்தவர்கள் இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். விலை உயர்ந்த சப்ஊஃபர்கள் கனமான காந்தமும் பல நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) வைத்து இதைச் சமாளிக்கின்றன. ரூ. 10,000-க்குள் அதற்கெல்லாம் காசு கிடையாது. லாரியில் ஏற்ற வேண்டும், டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் பெட்டியைச் சுருக்கிவிடுகிறார்கள். அடிபடுவது பேஸின் ஆழம். நாமே செய்யும்போது அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டியைப் பெரிதாக்கக் கூடுதலாக ஆவது கொஞ்சம் மரக்காசுதான்.

நான் வாங்கியதில் 8 அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்), முன்பக்கம் ஒரு காற்றுக்குழாய். கடையில் கேட்டபோது நெஞ்சு அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கேட்ட பிறகுதான் குறை தெரிந்தது. உறுமியில் குச்சியைத் தேய்க்கும்போது ஓசை வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும் அல்லவா? அந்தப் பெட்டியில் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லாம் ஒரே ‘தும்’. சினிமாவில் குண்டு வெடித்தாலும் அதே ‘தும்’தான். ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஓசைகளை (டோன்) போட்டுப் பார்த்தேன். 60, 70 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு; எண் குறையக் குறைய பேஸ் ஆழம்) பக்கம் மட்டும் அது துள்ளியது, 45-க்குக் கீழே சுத்தமாக ஓய்ந்துபோனது. சின்னப் பெட்டியில் அதிக சத்தம் காட்ட வேண்டும் என்று ட்யூன் செய்தால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே எந்தக் கடையில் கேட்டாலும் முதல் கேள்வி “எத்தனை வாட்ஸ் வேணும் சார்?” என்பதுதான். நீங்கள் வாட்ஸைப் பார்க்காதீர்கள். அட்டையில் 1000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும், தொடர்ந்து தாங்கும் உண்மையான அளவான ஆர்.எம்.எஸ். தேடிப் பார்த்தால் 200, 250 இருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: எஃப்.எஸ். (ஊஃபர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும் என்பது), வி.ஏ.எஸ். (கோனின் பிடிப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்). ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் இவற்றுக்கு அடித்தளம் போட்டார், 1970-களில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதனால்தான் தீல்-ஸ்மால் எண்கள் என்று பெயர். இந்த மூன்றும் கையில் இருந்தால் பெட்டியை வெட்டுவதற்கு முன்பே ஓசை எப்படி வரும் என்று காகிதத்தில் தெரிந்துகொள்ளலாம். வின்-ஐ.எஸ்.டி. என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. இந்த எண்கள் அச்சிட்ட தாள் இல்லாத ஊஃபரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான் எடுத்தது காருக்கான 12 அங்குல ஊஃபர். 4 ஓம், விலை 3,800. எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 80 லிட்டர். இதற்குக் காற்றுக்குழாய் இல்லாத மூடிய பெட்டி 55 லிட்டர் வந்தது. உள்ளளவு எல்லாப் பக்கமும் 38 செ.மீ. வைத்தால் சரியாக இருக்கும். 44 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை மெல்ல மெல்லக் குறையும், அந்தக் குறையில் ஒரு பகுதியை மூடிய அறையே தாங்கிப் பிடித்துவிடும். முதல்முறை செய்பவர் மூடிய பெட்டிதான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவில் இரண்டு மூன்று லிட்டர் தவறினாலும் அது மன்னிக்கும். குழாய் வைத்த பெட்டி மன்னிக்காது.

ஆம்புக்கு டி.டி.ஏ. 7294 என்ற ஐ.சி. (சிப்) உள்ள போர்டு, 20-0-20 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையை வெட்டும் ஒரு ஃபில்டர் போர்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த ஐ.சி.யை 100 வாட்ஸ் என்று விற்பார்கள். அந்த டிரான்ஸ்பார்மரின் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றினால் கிடைக்கும் சுமார் ±27 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் சுத்தமான 70 வாட்ஸ் வரும், அதற்கு மேல் ஆசைப்பட்டு வோல்டேஜை ஏற்றினால் சூட்டில் போய்விடும். ஐ.சி. ஷார்ட் ஆனால் டி.சி. நேராக ஊஃபருக்குப் போய்க் காயிலை எரித்துவிடும். அதனால் ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். நூற்றுச் சில்லறை ரூபாய்க்குப் பார்த்து 3,800 ரூபாய்ப் பொருளை இழக்க வேண்டாம். ஃப்யூஸும் எர்த்தும் அப்படியே. 230 வோல்ட் வேலை பழக்கமில்லை என்றால் அந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவரை வைத்தே செய்யுங்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

பெட்டிக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை). எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணன் தன் பட்டறையில் வெட்டிக் கொடுத்தார். 8-க்கு 4 அடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போதும். ஃபெவிகால் தடவி, ஸ்க்ரூ போட்டு, ஒரு நாள் காய விட்டோம். ஊஃபரை மாட்டி 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டதும் எங்கிருந்தோ ‘புஸ் புஸ்’ என்று ஒரு சத்தம். அண்ணன் உள்ளே போய் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தார். “தம்பி, ஃபேனை நிறுத்து” என்றார். பத்தியை ஒவ்வொரு மூட்டாக மெதுவாக நகர்த்தினார். புகை நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒயர் டெர்மினல் பக்கம் வந்ததும் நடுங்கிச் சிதறியது. அந்த இடத்தில் சிலிக்கான் வைத்து அடைத்தோம். மறுநாள் ‘புஸ்’ இல்லை. கோனை விரலால் மெல்ல அழுத்திவிட்டால் உடனே துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வந்தது. மூடிய பெட்டியில் காற்றுக்கசிவு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

மொத்தம் 9,200 ரூபாய் ஆனது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. எடை 20 கிலோவைத் தாண்டும். உறுமி இப்போது உறுமியாகக் கேட்கிறது.

சரி, யார் வாங்க வேண்டும்? சின்னப் பெட்டிக்குத்தான் இடம் என்றால் செய்வதில் பெரிய லாபம் இல்லை. வாங்கிவிடுங்கள். பட்டறையோ, வெட்டிக் கொடுக்கத் தெரிந்தவரோ பக்கத்தில் இல்லை என்றாலும் அப்படித்தான். வாங்கினால் வாரண்டி இருக்கும், வேண்டாமென்றால் விற்கவும் முடியும். நாம் செய்ததை யாரும் பாதி விலைக்குக்கூட வாங்க மாட்டார்கள். வாட்ஸை ஊதிப் பெருக்கிக் காட்டும் பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு போட்டிருப்பதைத் தொடாதீர்கள். பின்னால் கிராஸ்ஓவர் குமிழும் (எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்று வைப்பது) ஃபேஸ் ஸ்விட்சும் (கோன் அசையும் திசையை மாற்றுவது) இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாமல் உங்கள் சின்ன ஸ்பீக்கர்களோடு சேர்த்துவைப்பது கஷ்டம். பழைய 10 அங்குல சப்ஊஃபர் கிடைத்தால் அதைப் புதிய 8 அங்குலத்துக்கு முன்னால் யோசிக்கலாம். ஆனால் ஊஃபர் ஓரத்து ஃபோம் பொடியாக உதிர்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பெட்டிக்கடியில் ரப்பர் வைத்தால் தரை அதிர்வது குறையும், ஓசை சுவரைத் தாண்டுவது குறையாது.

எதை முடிவு செய்தாலும் காசு எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். நண்பரிடம் ஒரு வாரத்துக்கு ஏதாவது ஒரு சப்ஊஃபரை இரவல் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவிலேயே அதை வைத்து, பேஸ் ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு நகர்ந்து கேளுங்கள். 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கமும், 12 அடிக்கு 47 பக்கமும் அறை தானாகவே சேர்ந்து அதிரும். அதனால் சில மூலைகளில் பேஸ் வீங்கும், சில இடங்களில் காணாமலே போகும். எங்கே சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்ஊஃபர் நிற்க வேண்டிய இடம். அந்த இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பலகைக் கனமும் சேர்த்து 42 செ.மீ. சதுரம் அங்கே அடங்கும் என்றால் செய்யலாம். ஊஃபரின் மூன்று எண்களைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள், பெட்டி அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.