விளைச்சல் இருந்தும் விலை ஏறிய கதை

கேள்வி: உலகச் சந்தையில் உணவு விலை ஏறினால் விளைச்சல் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: எப்போதும் இல்லை. 2008-ல் அரிசி விளைச்சல் ஒன்றும் பொய்த்துவிடவில்லை. ஆனால் அப்போது உலகில் விளைந்த அரிசியில் பத்தில் ஒரு பங்குகூட நாடு தாண்டிப் போகவில்லை, அவ்வளவு சின்னச் சந்தை அது. கோதுமை ஏறுகிறதே, நாளை அரிசியும் ஏறுமே என்று பயந்து இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியை இறுக்கிப் பிடிக்க, பிலிப்பைன்ஸ் சொன்ன விலைக்கு வாங்கிக் குவிக்க, தாய்லாந்து அரிசி சில மாதங்களுக்குள் டன் 1000 டாலரைத் தொட்டுவிட்டது. அப்புறம் ஜப்பான் தன் கிடங்கில் இருக்கும் இறக்குமதி அரிசியை விற்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் விலை சரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த அரிசி கப்பலே ஏறவில்லை!

கேள்வி: எரிவாயு விலைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: யூரியா உரத்தைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் தயாரிக்கிறார்கள்; எரிவாயு ஏறினால் உரமும் ஏறும், சாகுபடிச் செலவும் ஏறும். போதாததற்கு, அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் செய்யும் ஆலைக்குப் போகிறது.

கேள்வி: விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே?

பதில்: விற்க மிச்சம் இருப்பவருக்கு நல்லது. சிறு விவசாயிகளில் பலர் விற்பதைவிட அதிகமாக வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். குடும்பம் எவ்வளவு ஏழையோ, வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்கே போகும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எங்கல் 1857-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அப்படிப்பட்ட வீட்டில் விலை ஏறியதும் முதலில் நிற்பது பால், முட்டை, காய்கறி. தானியம் இருப்பதால் வயிறு ஒருமாதிரி நிறையும், ஆனால் குழந்தையின் வளர்ச்சி குன்றிப்போகும், அது எந்த விலைப் பட்டியலிலும் வராது. அடுத்து மாடு விற்பனை, பள்ளிப் படிப்பு நிறுத்தம், வட்டிக் கடன். எல்லோரும் இப்படிச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்வதும் இல்லை. 2008 ஏப்ரலில் ஹைட்டியில் விலைவாசிக் கலவரம் வெடித்துப் பிரதமரின் பதவியே போனது. 2011-ல் எகிப்தியர்கள் தெருவில் எழுப்பிய கோஷத்தின் முதல் வார்த்தை ரொட்டி, சுதந்திரம் அதற்கு அடுத்துதான்.

கேள்வி: அப்படியானால் ஏற்றுமதித் தடை போடுவதே தப்பா?

பதில்: தன் மக்கள் கொதிக்கும்போது எந்த அரசும் அதைத்தான் செய்யும், குறை சொல்வது சுலபம். ஆனால் பாதிப்பு வெளிநாட்டோடு நிற்பதில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்ளூரில் எண்ணெய்ப்பனைப் பழத்தை வாங்க ஆளில்லாமல் விவசாயிகளே தெருவுக்கு வந்துவிட, ஒரு மாதம்கூட ஆகாமல் தடையை எடுத்துவிட்டார்கள்.